புட்பாக் அடித்தால் முழங்கால் பழுதாகுமா?

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகனுக்கு 17 வயது. இரண்டு வருடத்துக்கு முன் கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன், போகும்போது ஒரு சின்னத் துணிப்பந்தை விட்டுவிட்டுப் போனான். புட்பாக் என்பார்கள், ஹக்கி சக் என்றும் சொல்வார்கள். கை படாமல் காலாலேயே தட்டித் தட்டி, நிலத்தில் விழவிடாமல் வைத்திருக்கிற விளையாட்டு. அன்று தொடங்கியவன் இன்னும் விடவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு மணித்தியாலம் முற்றத்தில் நிற்கிறான். நாலு மாதமாக முழங்கால் ‘டக் டக்’ என்று சத்தம் போடுகிறது. சில நாளில் உள்பக்கம் நோகிறதாம். அம்மம்மா, “காலைத் திருகித் திருகி அடி, நாற்பது வயசில தடி ஊண்டித்தான் நடப்பாய்” என்று ஏசுகிறா. தங்கச்சியின் கேள்வி: நிற்பாட்டச் சொல்லவா, விடவா? கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “அவன் அடிக்கிறது வலக்காலால, நோகிறது இடக்கால். அதுதான் அண்ணா எனக்கு விளங்கேல்லை.”

அந்தக் கடைசி வரிக்குள்ளேதான் முழுப் பதிலும் இருக்கிறது.

நான் வன்னியில் இருபது வருடத்துக்கு மேலாக இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயத்தோடு கீழே வாசிக்க வேண்டாம். இந்த விளையாட்டு உடம்பைத் தின்கிற விளையாட்டு இல்லை. நிற்பாட்டத் தேவையில்லை. ஆனால் மகன் இப்போது ஆடுகிற விதத்தில் இன்னும் மூன்று நாலு வருடம் ஆடினால் இடது முழங்கால் பழுதாகத்தான் போகும். இரண்டும் உண்மை. ஏன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் விளங்காமல் “குறைச்சு விளையாடு” என்று சொன்னால் 17 வயதுப் பிள்ளை கேட்கமாட்டான்.

நீங்கள் அனுப்பிய வீடியோவை நாலு தரம் பார்த்தேன். முதல் தரம் எல்லாரும் பார்க்கிற மாதிரி பந்தைப் பார்த்தேன். நல்லாக ஆடுகிறான், உண்மையாகவே. இரண்டாம் தரம் பந்தை விட்டுவிட்டு இடக்காலை மட்டும் பார்த்தேன். வலக்கால் மேலே போகிற ஒவ்வொரு முறையும் இடது முழங்கால் ஒரு சின்ன ஆட்டம் ஆடி உள்ளே விழுகிறது. பாதம் நிலத்தில் ஒட்டியபடி நிற்கிறது, உடம்பு இடப்பக்கம் திரும்புகிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால்தான் அந்தத் திருகலை வாங்குகிறது. மூன்றாம் தரம் எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 50 அடி. அதில் 40 வலக்காலால்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணித்தியாலத்தில் பந்து எடுக்கிற நேரம், தண்ணீர் குடிக்கிற நேரம், கதைக்கிற நேரம் எல்லாம் போக ஒரு மணித்தியாலம் உண்மையாக அடிக்கிறான் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 3,000 அடி. கிழமைக்கு ஆறு நாள் என்றால் 18,000. வருடத்துக்கு ஒன்பது இலட்சம். அதில் ஏழு இலட்சத்துக்கு மேல் இடக்கால் தனிக் காலாக நின்று முழு உடம்பையும் தாங்கியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உள்ளே சரிந்தபடி. வலக்கால் காற்றில் வீசிவிட்டு வருகிறது, அவ்வளவுதான். நோவது எந்தக் காலாக இருக்கும், சொல்லுங்கள்.

புட்பாக்கின் பாரம் பெரும்பாலும் 40 முதல் 60 கிராம். உதைபந்து 410 முதல் 450 கிராம். அதனால் பந்து காலில் படுகிற அடியால் எலும்புக்கோ மூட்டுக்கோ ஒன்றும் ஆகாது. ஆளோடு ஆள் மோதுவதும் இல்லை, ஓடிவந்து சடக்கென்று திரும்புவதும் குறைவு. முழங்காலில் எலும்பைக் கட்டிவைக்கிற பெரிய இணைநார் கிழிந்து வருகிற பிள்ளைகளை நான் அதிகம் பார்ப்பது உதைபந்தாட்டத்திலும் கரப்பந்தாட்டத்திலும்தான். வலைக்கு மேல் எழும்பி அடித்துவிட்டு ஒற்றைக்காலில் இறங்குகிற பெடியன்கள் வந்து, “சார், டக்கெண்டு ஒரு சத்தம் கேட்டது” என்று சொல்லும்போது எனக்கு வயிறு கலங்கும். புட்பாக்கில் அப்படி ஒரே நொடியில் வருகிற கேடு மிகக் குறைவு. இதில் வருவது சொட்டுச் சொட்டாக வருகிற கேடு. அது ஒரு வகையில் நல்லது. சொட்டுகிறபோதே நிறுத்திவிடலாம்.

இனி அம்மம்மாவின் பயத்துக்கு வருவோம். ‘தேய்மானம்’ என்ற சொல் எங்கள் ஆட்களின் மனதில் ஆழமாகப் பதிந்து கிடக்கிறது. சைக்கிள் பெயாரிங் மாதிரி, எவ்வளவு உருளுதோ அவ்வளவு தேயும் என்று நினைக்கிறோம். மூட்டு அப்படி இல்லை. எலும்பின் நுனியில் இருக்கிற குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற வழுவழுப்பான திரவத்திலிருந்துதான் அது சாப்பாடு எடுக்கிறது. அமுங்கினால் கழிவு வெளியே போகிறது, விட்டால் புதிய திரவம் உள்ளே ஊறுகிறது, ஸ்பொஞ்சைப் பிழிந்து தண்ணீரில் விடுகிற மாதிரி. அசையாத மூட்டுக்குச் சாப்பாடு இல்லை. சீமெந்துக் கட்டுப் போட்டு ஆறு கிழமை கிடந்த காலை அவிழ்க்கும்போது அது எப்படி மெலிந்து விறைத்துக் கிடக்கும் என்று உங்கள் வீட்டிலும் யாராவது பார்த்திருப்பீர்கள்.

ஓட்டத்தைப் பற்றிப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அறிக்கை 2017இல் வந்தது. இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்வு இருந்தவர்கள், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம். ஓடாமல் இருக்கிறவர்களில் 10.2 சதவீதம். பெரிய போட்டிகளுக்காக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். ஓட்டம் வேறு, புட்பாக் வேறு, அது எனக்குத் தெரியும். ஆனால் மூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது இரண்டுக்கும் ஒன்றுதான். அளவோடு அசைகிற மூட்டு, சும்மா இருக்கிற மூட்டைவிடச் சுகமாக இருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால்தான் கணக்கு மறுபக்கம் சாய்கிறது. மூட்டுத் தேய்வைக் கெதியாகக் கொண்டுவருகிற பெரிய காரணங்கள் என்று நான் சொல்லக்கூடியவை: ஏற்கெனவே முழங்காலில் பட்ட பெரிய காயம், உடம்புப் பாரம், வருடக்கணக்காகக் குந்தியிருந்தும் முழந்தாளிட்டும் பாரம் தூக்கியும் செய்கிற வேலை, பரம்பரை. அறுபது வயதில் என்னிடம் வருகிற அம்மாக்களின் முழங்காலைக் கெடுத்தது விளையாட்டு இல்லை, தங்கச்சி. அவர்கள் ஒரு நாளும் விளையாடியிருக்கமாட்டார்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரே வரி. நோவும் வீக்கமும் இல்லாமல் வருகிற ‘டக்’ சத்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை. பத்துப் பேரை நிற்கவைத்துக் குந்தி எழும்பச் சொன்னால் பாதிப்பேரின் முழங்கால் சத்தம் போடும். சத்தத்தோடு நோவும் சேர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். மகனுக்குச் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அம்மம்மாவுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. இந்த விளையாட்டு வளர்ந்ததிலேயே ஒரு முழங்கால் வருத்தத்துக்குப் பங்கு இருக்கிறது. 1972இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் ஒரேகன் சிற்றி என்ற ஊரில், மைக் மார்ஷல் என்பவர் கையால் செய்த ஒரு சின்னத் துணிப்பொட்டலத்தைக் காலால் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார். ஜோன் ஸ்டோல்பர்கர் என்பவர் முழங்கால் காயத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த நேரம் அது. காலுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று அவரும் சேர்ந்துகொண்டார். ஹக்கி சக் என்ற பெயரை இந்த இரண்டு பேரும்தான் வைத்தார்கள், பிறகு வியாபாரமும் ஆனது. காலால் பந்தை விழாமல் வைத்திருக்கிற விளையாட்டு என்று பார்த்தால் ஆசியாவில் அது மிகப் பழையது. மியன்மாரில் பிரம்புப் பந்தை வைத்து ஆறு பேர் வட்டமாக நின்று ஆடுகிற சின்லோன் இருக்கிறது. யாரும் யாரையும் வெல்ல ஆடுவதில்லை, பந்து விழாமல் இருக்க வேண்டும், ஆட்டம் வடிவாக இருக்க வேண்டும், அதுதான் நோக்கம். அங்கே தலை நரைத்தவர்களும் வட்டத்தில் நிற்கிறார்கள். நாங்களும் சின்ன வயதில் பனையோலைப் பந்தைக் காலால் தட்டியவர்கள்தானே.

நானும் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். மாமி தைத்துத் தந்தது, பழைய சேலைத் துண்டில் இரண்டு மடிப்பு, உள்ளே பயறு. இடுப்பு விறைத்துப்போனவர்களுக்கு, “இதைக் காலின்ரை உள்பக்கத்தால மெல்ல மேல தட்டுங்கோ” என்று கொடுப்பேன். கதிரையில் இருந்து பட்டி இழுக்கிற பயிற்சியை இரண்டு நாளில் விட்டுவிடுகிறவர்கள் இதை விடமாட்டார்கள். ஒரு மாரி காலத்தில் பயறு ஈரம் பட்டு வண்டு வைத்துவிட்டது, அதிலிருந்து சின்னப் பிளாஸ்ரிக் மணி போட்டுத் தைக்கிறோம். புளியங்கொட்டை போட்டும் பார்த்தோம். கல்லு மாதிரி துள்ளுகிறது, கால் பிடிக்காது.

சரி, மகனின் காலுக்கு வருவோம். இந்த விளையாட்டில் தொடக்கத்தில் பழகுகிற அடிகள் ஐந்து: பாதத்தின் உள்பக்கம், வெளிப்பக்கம், விரல் நுனி, முழங்கால், முதுகுக்குப் பின்னால் அடிப்பது. இவை சும்மா நடக்கிற அளவுக்குச் சுகமான அசைவுகள். மணிக்கணக்காக அடித்தவர்களும் இருக்கிறார்கள். 1997இல் ரெட் மார்ட்டின் என்பவர் பந்தைக் கீழே விடாமல் 63,326 தடவை அடித்தார், எட்டு மணித்தியாலம் 50 நிமிடம் எடுத்தது. சிக்கல் வருவது அடுத்த கட்டத்தில். மகன் வீடியோவில் பெருமையாகச் செய்து காட்டுகிறானே, வலக்காலை இடக்காலுக்குப் பின்னால் கொண்டுபோய், பாதத்தின் உள்பக்கத்தில் பந்தை அப்படியே ஏந்திப் பிடிக்கிறது, அதற்குக் கிளிப்பர் என்று பெயர். கடினமான வித்தைகளில் பெரும்பங்கு இந்தக் கிளிப்பரின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் ஒருவன் முன்னேற முன்னேற இதையே ஆயிரக்கணக்கில் செய்கிறான்.

கிளிப்பரைச் சரியாகச் செய்தால் திரும்புவது இடுப்பு மூட்டு. அது கிண்ணத்துக்குள் உருண்டை மாதிரி, எல்லாப் பக்கமும் சுற்றுவதற்கென்றே உள்ளது. முழங்கால் கதவுப் பிணைச்சல் மாதிரி. மடித்திருக்கும்போது கொஞ்சம் திரும்பும், நிமிர்ந்திருக்கும்போது திரும்பாது. இடுப்பு இறுகிப்போனவன் கிளிப்பர் செய்யப் பார்த்தால், இடுப்பு கொடுக்காத திருப்பத்தை முழங்காலிடமிருந்து பிடுங்குவான். தூக்குகிற காலின் முழங்கால் உள்பக்கத்து இணைநாரும், உள்ளே மெத்தை மாதிரி இருக்கிற சவ்வும் அப்போதுதான் அவதிப்படும். ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: மகன் நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்தால் முழங்கால் இரண்டும் எவ்வளவு பதிகிறது? கோயில் மடத்தில் பந்தியில் இருந்து சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. நிலத்தில் இருக்கும் பழக்கம் இடுப்பைத் திறந்து வைக்கிறது. கதிரையிலும் கட்டிலிலுமே வளர்ந்த பிள்ளைக்கு அது இருக்காது. முழங்கால் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றால் கிளிப்பரைக் கொஞ்சக் காலம் ஒத்திவைத்து, முதலில் இடுப்பை இளக்க வேண்டும். வீடியோவில் பார்த்த அளவில் உங்கள் மகனின் வலது இடுப்பு நல்லாகவே திறக்கிறது. அதனால்தான் வலது முழங்கால் நோகவில்லை.

அவனுடைய குறை நிற்கிற காலில். நிற்கிற காலின் முழங்கால் உள்ளே விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது இடுப்பின் பக்கவாட்டில், காற்சட்டைப் பொக்கற்றுக்குப் பின்னால் இருக்கிற தசை. அது பலமில்லாமல் இருந்தால், அல்லது மூவாயிரம் அடியில் களைத்துப்போனால், முழங்கால் உள்ளே சரியும். உள்பக்கத்து நார்கள் இழுபடும், முழங்கால் சிரட்டை வெளிப்பக்கம் உராயும். முதல் அரை மணித்தியாலம் நோ இல்லை, கடைசி அரை மணித்தியாலத்தில்தான் நோகிறது என்று மகன் சொல்வானாக இருந்தால் என் ஊகம் உறுதி. கேட்டுப் பாருங்கள்.

நிலமும் செருப்பும் இதில் பாதிப் பங்கு. பாதம் நிலத்தில் கொஞ்சம் சுழல முடிய வேண்டும். சுழல முடியாவிட்டால் அந்தச் சுழற்சி முழங்காலுக்கு ஏறும். அதனால் பல்லு வைத்த உதைபந்துச் சப்பாத்துப் போட்டுப் புல்லில் புட்பாக் அடிப்பது நான் பார்த்ததிலேயே கெட்ட பழக்கம். கால் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். கிறவல் நிலம் மறுபக்கம், சறுக்கும், கரண்டை பிரளும். ஆழமான மணலில் குதிக்கால் புதைந்து போகும், பின்னால் இருக்கிற குதிநாண் கூடுதலாக இழுபடும். நல்லது எது என்றால், எங்கள் ஊர் முற்றங்களில் தண்ணீர் தெளித்துக் கூட்டி இறுகிய மண்தரை. உங்கள் முற்றம் வீடியோவில் அப்படித்தான் தெரிகிறது. செருப்பு மட்டும் கூடாது. விரலிடுக்குச் செருப்பைப் பிடித்துக்கொள்ள விரல்கள் முழு நேரமும் இறுகும், செருப்புக்குள் பாதம் வழுக்கும். அடி தட்டையான, மெல்லிய, பக்கம் அகலமான கன்வஸ் சப்பாத்து ஒன்று போதும். விலை கூடின ஓட்டச் சப்பாத்து தேவையில்லை, அதன் தடித்த அடி காலைத் தள்ளாடத்தான் வைக்கும்.

வெறுங்கால் கோடையில் பரவாயில்லை. மாரியில் வேண்டாம். தண்ணீர் தேங்கிய முற்றத்தில், காலில் சின்ன வெட்டுக்காயத்தோடு நிற்பது எலிக்காய்ச்சலை வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி.

யாரும் யோசிக்காத ஒன்று: முதுகு. பழகுகிறவனுக்குப் பந்து அஞ்சு பத்து அடிக்கு ஒருமுறை விழும். ஒரு மணித்தியாலத்தில் நூறு இருநூறு தடவை குனிந்து எடுக்கிறான், முழங்காலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு முதுகை வளைத்து. கச்சான் பிடுங்கிவிட்டு வருகிற பெண்கள் பின்னேரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே நோ இந்தப் பிள்ளைகளுக்கும் வரும். காரணம் பந்து அடித்தது இல்லை, பந்து பொறுக்கியது. காலாலேயே பந்தை உருட்டி விரலில் ஏற்றி எடுக்கப் பழகச் சொல்லுங்கள். அது பார்க்கவும் வடிவு, முதுகுக்கும் சுகம். கழுத்தும் அப்படித்தான். தலை ஏறத்தாழ ஐந்து கிலோ. அதை ஒரு மணித்தியாலம் முன்னால் தொங்கவிட்டால் பிடரி இறுகும். போனைப் பார்த்துக் குனிந்த கழுத்து, புத்தகத்தைப் பார்த்துக் குனிந்த கழுத்து, இப்போது பந்தையும் பார்த்து. முழங்காலைக் கொஞ்சம் மடித்து, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மட்டும் இறக்கிப் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் ஆகாயத்தைப் பார்த்தால் போதும்.

அரையில், அதாவது தொடையும் வயிறும் சேர்கிற மடிப்பில் நோ வந்தால் அதை இலேசாக எடுக்க வேண்டாம். காலைத் திரும்பத் திரும்பத் தூக்குவதால் அங்கே இருக்கிற தசைநாண் அழற்சி கொள்ளலாம், இடுப்பு மூட்டே இடிபடவும் கூடும். மூன்று நாலு கிழமைக்கு மேல் நின்றால் காட்ட வேண்டும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகளும் அண்ணனைப் பார்த்து அடிப்பார்கள். பத்துப் பதினாலு வயதில் எலும்பு வளர்கிற இடங்கள் இன்னும் இறுகியிருக்காது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு புடைப்பு, தொட்டால் நோ, அல்லது குதிக்காலின் பின்பக்கம் நோ என்று சொன்னால் அது வளர்கிற எலும்பைத் தசைநாண் இழுப்பதால் வருவது. பெரும்பாலும் வளர்ச்சி முடிய மாறிவிடும், ஆனால் அதன்மேல் ஆடவிட வேண்டாம். அந்த வயதில் பல விளையாட்டு விளையாடட்டும். கிளித்தட்டு ஓடுகிற பிள்ளைக்கும் நீந்துகிற பிள்ளைக்கும் ஒரே இடத்தில் ஒரே இழுப்பு விழாது.

இதை வேறு ஆட்களும் வாசிப்பீர்கள், அதனால் எங்கள் மண்ணுக்கென்று உள்ள ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. வன்னியில் முப்பது நாற்பது வயதுக்காரர் பலரின் உடம்பில் போரில் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. ‘பீஸ்’ என்று சொல்லிவிட்டு அதை மறந்து வாழ்கிறோம். முழங்காலுக்கோ இடுப்புக்கோ பக்கத்தில் துண்டு இருக்கிறவர்கள் இந்த மாதிரித் திருகுகிற விளையாட்டைத் தொடங்க முதல் ஒருக்கால் எக்ஸ்ரே எடுத்து அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கால் நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். ஒருவரும் கேட்கவில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால் போட்ட ஒருவர் ஒரு முறை என்னிடம், தான் பிள்ளைகளோடு சேர்ந்து இதை விளையாடலாமா என்று கேட்டார். நல்ல காலில் நின்று செயற்கைக் காலால் மெல்லத் தட்டினார், மூன்று அடி, நாலு அடி. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்ல மனமும் வரவில்லை. ஆனால் ஒரு கால் இழந்தவரின் மற்ற முழங்கால் ஏற்கெனவே இரண்டு காலின் பாரத்தைச் சுமக்கிறது, அது கெதியாகத் தேயக்கூடியது. அதனால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு முறைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லாமல் என்று எல்லை போட்டேன். இன்னும் ஆடுகிறார்.

இனி மகன் செய்ய வேண்டியது. இரண்டு கிழமைக்கு ஆட்டத்தைப் பாதியாகக் குறைக்கட்டும், கிளிப்பரை முழுதாக விடட்டும். அந்த இரண்டு கிழமையும் இடக்காலால் மட்டும் அடிக்கப் பழகட்டும். முதல் நாள் மூன்று அடிகூட வராது, கோபம் வரும். ஆனால் அதில்தான் வலக்கால் நிற்கப் பழகும், இடக்கால் ஓய்வெடுக்கும். பல் விளக்கும்போது ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், ஒரு காலுக்கு ஒரு நிமிடம், முழங்கால் பெருவிரலின் பக்கம் சாயாமல் இரண்டாம் விரலுக்கு நேரே இருக்க வேண்டும். வாசற்படியில் நின்று ஒரு காலை மெல்ல நிலத்துக்கு இறக்கித் தொட்டுவிட்டு ஏற்ற வேண்டும். பத்துப் பத்தாக மூன்று தடவை, கண்ணாடிக்கு முன் நின்றோ, நீங்கள் முன்னால் இருந்து பார்த்தோ. முழங்கால் உள்ளே போனால் அந்த எண்ணிக்கை சேராது. அதே படியில் குதிக்காலை வெளியே விட்டு எழும்பி எழும்பி இறங்க வேண்டும், பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை. பக்கவாட்டில் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது இன்னொன்று. இவ்வளவும் பதினைந்து நிமிட வேலை.

அவசரப்பட வேண்டாம். தசை நாலைந்து கிழமையில் பலப்பட்டதாகத் தெரியும். நாணுக்கும் நாருக்கும் மூன்று மாதமாவது வேண்டும். பெடியன்கள் விழுகிற கிடங்கு இதுதான். தசை தெம்பாக இருக்கிறதே என்று நேரத்தைக் கூட்டுவார்கள், நாண் பின்தங்கி நிற்கும். நோவுக்கு நான் சொல்கிற அளவு: பத்துக்கு மூன்று வரை இருக்கலாம், அடுத்த நாள் காலமை எழும்பும்போது அது போயிருக்க வேண்டும். காலமையும் நின்றால் நேற்று ஆடியது கூடிப்போச்சு. பிறகு கிளிப்பரைத் தொடங்கும்போது நாளுக்கு இருபது என்று தொடங்கட்டும். கிழமைக்கு இரண்டு நாள் பந்தைத் தொடாமல் இருக்கட்டும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற வயதில் அது உங்களுக்கும் சம்மதமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கரண்டை சுளுக்கினால் அன்றைக்கே முறிவு நெரிவு எண்ணெய் போட்டு உரோஞ்சிப் பிடிக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும், இறுக்கி உரோஞ்சினால் வீக்கம் கூடும். காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸ் வைத்து, தாங்கக்கூடிய அளவு மெல்ல அசைத்தால் போதும். நாலு அடி வைத்து நடக்கவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

முழங்கால் மடித்தபடியே பூட்டிக்கொண்டு நிமிராமல் நிற்பது, நடக்கும்போது சடக்கென்று விட்டுக்கொடுப்பது, ஒரு நாளுக்குள் பந்து மாதிரி வீங்குவது, ராத்திரி நித்திரையைக் குழப்புகிற நோ, கால் விறைப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சி, எண்ணெய், இந்தப் பதில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். உள்ளே மெத்தை மாதிரி இருக்கிற சவ்வின் வெளி ஓரத்துக்குத்தான் இரத்தம் போகிறது. அங்கே கிழிந்தால் ஆறுவதற்கு வழி இருக்கிறது. உள் ஓரத்தில் கிழிந்தால் தானாக ஆறாது. கெதியாகக் காட்டுகிறவனுக்கும் ஆறு மாதம் நொண்டிவிட்டு வருகிறவனுக்கும் கிடைக்கிற முடிவு ஒன்றில்லை.

அம்மம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: திருகுகிறான் என்று அவ கண்டது சரி. எந்தக் கால் திருகுது என்பதில்தான் பிழை. படியில் பயிற்சி செய்யும்போது முன்னால் கதிரை போட்டு இருந்து, முழங்கால் உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் ஏசட்டும்.

ஆறு கிழமைக்குப் பிறகும் நோ இருந்தால் மகனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வரும்போது அவன் இவ்வளவு நாளும் போட்டு ஆடிய பழைய செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதிதாக வாங்கினதும் எறிந்துவிட வேண்டாம். இடது செருப்பின் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும்.